ஜாபிதா

சாவி துருவில் ஒடிந்துபோனதால்
கொல்லரை வரவழைத்துப் பூட்டை அறுத்தோம்.
குருக்கபாளையம் அரண்மனை, நிலவறை.
பாகப்பிரிவினை வழக்கு, இருபத்திரண்டாம் வருஷம்.
தாராபுரம் கோர்ட்டிலிருந்து அமீனா,
ஜாபிதா எழுத நான்,
தராசு பிடிக்க அர்த்தநாரி.
பங்காளிகள் நால்வரும் நான்கு மூலையில்,
ஒருவர் மூச்சு மற்றவர்மேல் படாத தூரத்தில்.

பழைய ஜாபிதாவை முந்தின ராத்திரி
லாட்ஜில் மூட்டைப்பூச்சிகளோடு படித்திருந்தேன்.
உழுத காட்டில் கிளம்பிய ரோமாபுரிக் காசு, இரண்டு மரக்கால்.
படியூர்ப் பச்சைக்கல் பதித்த வாள்பிடி.
பருத்திச் சுங்கம் திரண்டு வந்த வெள்ளி ஊஞ்சல்,
சங்கிலி மட்டும் பதினோரு வீசை.
மைசூர்க் குதிரைகள் வந்த வருஷம்
குளத்துச் சேற்றில் ஏழு மாதம் கிடந்து
மீண்டு வந்த பொன் நெற்றிப்பட்டம்.
(அதை அணிந்த யானை மீளவில்லை.)
பல் முளைக்குமுன் போய்விட்ட ஒரு பிள்ளைக்குச் செய்த
தங்கக் கிலுகிலுப்பை,
'உள்ளே முத்து ஒன்பது.'
எழுதியவன் ஆட்டிப் பார்த்துத்தான் எண்ணியிருப்பான்.

முதல் பெட்டி. சிவப்புப் பட்டு. முடிச்சை அவிழ்த்தால்
கல்.
அமராவதி உருட்டி உருட்டி வழவழப்பாக்கிய கல்.
அமீனா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மாட்டிப் பார்த்தார்.
கல்தான்.
'நிறு' என்றார், வேறென்ன சொல்வதென்று தெரியாமல்.
ஜாபிதாவில் இருந்த எடை, குன்றிமணி பிசகவில்லை.

இரண்டாம் பெட்டி, கல், எடை சரி.
மூன்று. நான்கு.
ஐந்தில் கல்லோடு ஒரு சீட்டு:
'தாது வருஷம். குடிகளுக்குக் கம்பு வாங்க.
மழை பெய்ததும் திருப்பி வைக்கப்படும்.'
'மழைதான் பேஞ்சுதுங்களே' என்றான் அர்த்தநாரி,
தராசுத் தட்டைப் பார்த்து.

பதினொன்றில் சீட்டு இல்லை,
கோயமுத்தூர் மில் பங்குப் பத்திரத்தின் கிழிந்த ஓரம்.
மூத்தவர் விட்டத்தில் வௌவால் எண்ணிக்கொண்டிருந்தார்.
பதிமூன்றில் ஊட்டிக் குதிரைப் பந்தயச் சீட்டு.
இரண்டாமவர் இருமினார்.
பதினாலின் முடிச்சை அவிழ்க்கும் முன்பே
மூன்றாமவருக்கு வேர்த்துவிட்டது.
வழக்குப் போட்டவரே அவர்தான்.

கடைசிப் பெட்டி, பதினேழு.
இது ஆற்றுக்கல் இல்லை.
கருங்கல். உளி பட்ட வெள்ளை இன்னும் மங்கவில்லை.
வெகுநேரம் யாருக்கும் புரியவில்லை.
பிறகு எல்லோருக்கும் ஒரே சமயத்தில் புரிந்தது.
மூட்டையைத் தங்கமென்று நம்பித் தூக்கிப் போய்
அதே எடைக்கு ஒரு கல்லை வைத்திருக்கிறார்
கடைசித் தம்பி சென்னியப்பன்.
காங்கயம் சாலையில் ஏதோ வேலமரத்தடியில்
தீக்குச்சி கிழித்து அவிழ்த்திருப்பார்.
அந்த முகத்தை எழுத
ஜாபிதாவில் பத்தி கிடையாது.

ஒன்பதாம் பெட்டியைச் சொல்ல விட்டுவிட்டேன்.
அதில் கல் இல்லை.
சுட்ட மண்ணில் ஒரு கிலுகிலுப்பை.
தங்கத்தை எடுத்தவள் (எடுத்தவள் என்றுதான் தோன்றியது)
எடையைப் பற்றிக் கவலைப்படவில்லை.
அரைப் பலம் குறைந்தது.
ஆட்டினேன்.
ஒன்பது.

ஜட்ஜ் சிரிக்காமல் தீர்ப்புச் சொன்னார்.
சொத்து எந்த நிலையில் இருக்கிறதோ
அந்த நிலையில் நாலு பங்கு.
வண்டி கட்டி வந்து கற்களை ஏற்றிப் போனார்கள்.
ஒன்பதாம் பெட்டி விழுந்த மூன்றாமவர்
ஏற்ற மறுத்தார்.
தன் பங்கில் அரைப் பலம் குறைகிறதாம். அப்பீல்.
பெட்டி கோர்ட் அலமாரிக்கு வந்தது,
அலமாரிச் சாவி என்னிடம்.

அந்த ஆவணியில் எனக்கு மகள் பிறந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை
அமராவதியில் முழங்கால் தண்ணீரில் நின்று
தேடித் தேடி எடுத்தேன்.
மளிகைக்கடைத் தராசில் இரண்டு தடவை நிறுத்தேன்.
அப்பீலில் பெட்டியைத் திறந்தபோது
உள்ளே ஆற்றுக்கல், எடை சரி.
வழக்கு தள்ளுபடி.
அர்த்தநாரி மட்டும்
தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு
'போச்சாதுங்க' என்றான்.